முதலில் வெளிவந்த இடம்: ஏற்காட்டிலிருந்து மறுபிரசுரம் பற்றி

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், பகோடா பாயிண்டில் நின்று படம் எடுப்பார்கள், சேர்வராயன் கோயில் குகையில் குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது. 1912 டிசம்பர் 29 அன்று அவர் இறந்தது கல்கத்தாவில். ஆனால் முதுமையில் வீடென்று அமைத்துக்கொண்டது இந்த மலையைத்தான். அதனால் சாம்பலும் இங்கே வந்து சேர்ந்தது.

நான் ஃபுட்டைத் தேடிப் போகக் காரணம் கற்கருவி இல்லை. இணையத்தில் எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடினால் எழுகிற ஒரு கேள்விதான். சொந்த வலைப்பூவில் போட்ட கட்டுரையை மீடியத்தில் ஏற்றலாமா? பிரதிலிபியில் வைக்கலாமா? முகநூலில் முழுவதையும் ஒட்டலாமா? அதன்பிறகு ஓர் இணைய இதழுக்கும் அனுப்பலாமா? ஒரே பண்டத்தை நாலு கடையில் விற்பது வாசகரை ஏமாற்றுவது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எழுதியவருடைய பொருள், எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் போதவில்லை. ஃபுட்டின் எழுத்துப் பட்டியலை ஆண்டுவாரியாக எடுத்து வைத்துப் படித்தபோது, இவ்விரண்டையும்விடத் தெளிவான ஒரு பதில் அதற்குள் இருந்தது.

கதை 1863-ல் தொடங்குகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்த ஃபுட், 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில், அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். நாலு மாதம் கழித்து, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் போனபோது அங்கே கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கள் பழங்கால மனிதன் செய்தவைதான் என்று பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் 1859-ல் உறுதிசெய்திருந்தார்கள். அந்தச் செய்தி ஃபுட்டின் மனதில் இருந்தது. பல்லாவரத்துக் கல்லைப் பார்த்த உடனே அதன் பொருள் அவருக்கு விளங்கியது.

அடுத்த பத்து ஆண்டுகளில் இந்த ஒரே கண்டுபிடிப்பை அவர் எங்கெங்கே எழுதினார் என்று பாருங்கள். 1866-ல் சென்னை இலக்கியச் சங்கத்தின் ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்டு சயன்ஸ்’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை. 1868-ல் லண்டன் புவியியல் சங்கத்தின் காலாண்டிதழில் இன்னொன்று. அதே 1868-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கூடிய வரலாற்றுக்கு முந்தைய தொல்லியலின் பன்னாட்டு மாநாட்டுக்காக எழுதியது 1869-ல் அதன் தொகுதியில் அச்சேறியது. 1873-ல் பாலாற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பரப்பைப் பற்றி அவர் எழுதிய புவியியல் துறை நினைவேடு வந்தது. அதிலும் இந்தக் கருவிகளும் அவை கிடந்த செம்புரைக்கல் படிவுகளும் இடம்பெற்றன. நாலு இடம், நாலு வகை வாசகர்.

இன்றைய கண்ணால் பார்த்தால் இது ஒரே சரக்கை நாலு தளத்தில் ஏற்றியதுதான். ஆனால் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்தால் வேறொன்று தெரிகிறது. சென்னை இதழில் வந்த தலைப்பு ‘மெட்ராஸ், வடஆர்க்காடு மாவட்டங்களின் பல பகுதிகளில்’ என்று இடங்களைப் பேர் சொல்லிக் குறிக்கிறது. உள்ளூர் வாசகருக்கு மாவட்டம் தெரியும். எந்த ஊர், எந்தக் குழி என்பதே அவருக்கு வேண்டும். லண்டன் தலைப்பில் மாவட்டங்கள் மறைந்துவிடுகின்றன. ‘தென்னிந்தியாவில் கற்கருவிகளின் பரவல்’ என்று விரிகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் புவியியலாளருக்கு நிலப்படத்தில் எவ்வளவு தூரம் இவை பரவிக் கிடக்கின்றன என்பதுதான் கேள்வி. நார்விச் தலைப்போ ‘பழைய கற்கால வகையைச் சேர்ந்த குவார்ட்சைட் கருவிகள்’ என்கிறது. தொல்லியலாளர் கூடிய அவையில் கல்லின் இனமும் கருவியின் வகையும் முன்னே வருகின்றன. ஐரோப்பாவில் அவர்கள் பார்த்துப் பழகியது சிக்கிமுக்கிக் கல். இங்கே கிடைத்தது குவார்ட்சைட். அந்த வேறுபாட்டைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். ஒரு கண்டுபிடிப்பை மூன்று அவைகளுக்கு முன்னால் மூன்று முறை புதிதாக யோசித்திருக்கிறார்.

அந்தக் காலத்து நிலையையும் மறக்கக் கூடாது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். சென்னையில் அச்சான இதழ் லண்டன் மேசைக்குப் போய்ச் சேர்வது அத்தனை எளிதில்லை. லண்டன் காலாண்டிதழைப் புரட்டிப் பார்க்கக்கூடியவர்கள் சென்னையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஓரிடத்தில் மட்டும் எழுதியிருந்தால் பாதிப் பேருக்குச் செய்தி போயிருக்காது. மறுபிரசுரத்துக்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தோன்றவில்லை: வாசகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாத தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள்.

ஃபுட்டிடம் நான் கற்றுக்கொண்ட இரண்டாவது விஷயம் அவருடைய இறுதிக்கால வேலையிலிருந்து வருகிறது. 1891-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகவும் உழைத்தார். நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த கருவிகளையும் மட்பாண்ட ஓடுகளையும் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவற்றுக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியல் 1914-லும், அவற்றின் காலம், பரவல் பற்றிய குறிப்புகள் 1916-லும் வந்தன. இரண்டையும் அச்சில் பார்க்க அவர் இல்லை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எங்கே கிடைத்தது என்ற குறிப்பு உண்டு. பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவை எல்லாம் கடைசியில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் அதன் இடத்துக்குப் போய்விடலாம்.

இந்தத் தடம் எதற்குப் பயன்பட்டது? 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. இடைப் பழைய கற்காலக் கருவிகள் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்த ஆய்வுகளுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போன ஒருவர், போன இடத்தையும் நாளையும் எழுதி வைத்திருந்தார்.

ஏற்காட்டில் இன்னொருவர் கதையும் இதோடு பிணைந்து கிடக்கிறது. ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்தி, ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கி, பிறகு சென்னைக்கு வந்து 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்ற வார இதழைத் தொடங்கியவர். சி.வை.தாமோதரம் பிள்ளையைச் சென்னைக்கு வரவழைத்து அந்த இதழின் ஆசிரியர் பணியில் அமர்த்தியவரும் அவரே. அவர் 1882-ல் இறந்தது ஏற்காட்டில். இந்த மனிதர் 1842-ல் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக்கினார்; அதில் ஏறக்குறைய 1,900 பழமொழிகள். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1874-ல், சென்னையில் அதே வேலையைத் திரும்ப வெளியிட்டபோது எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து அச்சுக்கும் சென்னை அச்சுக்கும் நடுவில் அவர் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹெர்மன் ஜென்சன் 1897-ல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துத் தொகுத்தபோது பெர்சிவலின் தொகுப்பு அவருக்கு அடிப்படையாகக் கிடைத்தது. 1842-ன் நூலோடு பெர்சிவல் நின்றிருந்தால் அந்த அடிப்படை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். மாமனாரும் மருமகனும் தங்கள் எழுத்தை ஓர் ஊரில் அச்சிட்டுவிட்டு ஓய்ந்தவர்கள் இல்லை. இருவரும் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரே மலையில்.

இனி இன்றைக்கு வருவோம். தமிழில் இணைய எழுத்துக்கு ஏறக்குறைய முப்பது வயது ஆகிறது. 1998-ல் மதுரைத் திட்டம், 1999-ல் ‘திண்ணை’, 2004 வாக்கில் வலைப்பூக்களை ஒன்றுதிரட்டிய ‘தமிழ்மணம்’, 2009-ல் ‘சொல்வனம்’, 2014-ல் பிரதிலிபி என்று ஒன்றன்பின் ஒன்றாக இடங்கள் வந்தன. இவற்றில் வாசகர் கூட்டம் ஒன்றல்ல. இணைய இதழில் நீண்ட கட்டுரையைப் பொறுமையாகப் படிக்கிறவர் பிரதிலிபிப் பக்கம் வருவதில்லை. கைப்பேசியில் தொடர்கதை படிக்கும் வாசகிக்கு இணைய இதழின் பேர்கூடத் தெரிந்திருக்காது. முகநூலில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் சுட்டியைத் தொட்டு வெளியே போக மாட்டார். சேர்வராயன் மலையில் காப்பியோடு மிளகுக்கொடி ஏற்றும் முறையைப் பற்றி ஒருவர் எழுதினால், அது தோட்டக்காரருக்கும் போக வேண்டும், சென்னையில் மலையை நினைத்துக்கொண்டிருக்கும் வாசகருக்கும் போக வேண்டும். ஃபுட்டின் சென்னையும் லண்டனும் இப்போது ஒரே கைப்பேசிக்குள் தனித்தனிச் செயலிகளாக இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தலைமுறை அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. தளங்கள் மூடப்படும். யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியது. கூகுள் பிளஸ் 2019-ல் போனது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்கள் 2020 இறுதியில் அடங்கின. போதாக்குறைக்கு எழுத்துருச் சிக்கல். திஸ்கியிலும் தாபிலும் அடித்த கட்டுரைகளை இன்று ஒருங்குறி மட்டும் அறிந்த கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அவற்றை மாற்றி வேறிடத்தில் மறுபடி ஏற்றிய எழுத்தாளர்கள் தங்கள் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஏற்றாதவர்களின் எழுத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இதைச் சுயவிளம்பரம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. ஓலைச்சுவடி காலத்தில் ஏடு செல்லரிக்கும் என்று தெரிந்துதான் பிரதி எடுத்தார்கள்.

ஆனால் கேடும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மலையைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றில் ஓர் ஆண்டைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். மூன்று தளங்களில் அது இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியதும் என் பக்கத்தில் திருத்தினேன். இரண்டாவது இடத்தில் திருத்த மறந்துவிட்டேன். மூன்றாவதில் கடவுச்சொல் கைவிட்டுப் போயிருந்தது. தளத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிறகு ஒரு பள்ளி மாணவியின் திட்ட அறிக்கையில் அந்தத் தவறான ஆண்டைப் பார்த்தேன். அவள் எடுத்தது மூன்றாவது பிரதியிலிருந்து. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிரதிகளைப் பெருக்கியபோது தவற்றையும் சேர்த்துப் பெருக்கியிருக்கிறேன். எது திருத்திய வடிவம் என்று அவள் அறிய ஒரு வழியும் நான் வைக்கவில்லை. மூன்றிலும் தேதி இல்லை.

தொழில்நுட்பம் இதில் ஓரளவுக்குக் கைகொடுக்கிறது. ஒரே உரை பல முகவரிகளில் இருந்தால் தேடுபொறி அவற்றை ஒரு குழுவாகப் பார்த்து, ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரும்பாலும் பின்னே தள்ளிவிடும். ஏமாற்றும் நோக்கம் இல்லாத சாதாரண மறுபிரசுரத்துக்கு அது தண்டனை விதிக்கிறது என்று எழுத்தாளர்கள் நடுவில் உலவும் பயத்துக்கு அடிப்படை இல்லை. உண்மையான இடர் வேறு: எது முதன்மை என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் எந்திரம் தானே முடிவு செய்யும். உங்கள் வீட்டுப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, பெரிய தளத்தில் இருக்கும் பிரதியை அது முன்னே வைக்கலாம். இதற்காகத்தான் 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘கனானிக்கல்’ சுட்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல், மூலப் பக்கத்தின் முகவரியை எழுதி வைப்பது அது. மீடியத்தில் ‘இறக்குமதி’ வசதி வழியாகப் பழைய கட்டுரையைக் கொண்டுவந்தால் அந்தச் சுட்டி தானாகவே அமைந்துவிடும். வெட்டி ஒட்டினால் அமையாது. முகநூல் பதிவில் அதற்கு இடமே இல்லை. அங்கே கடைசி வரியில் நாமே எழுத வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் படி, இதழில் சம்பளத்துக்கு வேலை செய்யாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் அவரே. பணியில் இருப்பவருக்கும்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டும் நிறுவனத்துக்குப் போகிறது. மற்ற வகைகளில் அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு வரையறுக்கிறது. தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இதைப் படிக்காமலே, ‘இதழில் வந்துவிட்டது, இனி அது அவர்களுடையது’ என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத பயம். அதேபோல, ‘இந்தப் படைப்பு வேறெங்கும் வெளிவரவில்லை’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே வலைப்பூவில் போட்டதை இதழுக்கு அனுப்புவது பொய் சொல்வது. அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் துணைக்கு வராது. போட்டிக்கு அனுப்பும் கதைக்கும் இதே கணக்குத்தான்.

கல்விப்புலத்தில் கோடு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. தன் பழைய ஆய்வுக் கட்டுரையை, அதன் பேரைச் சொல்லாமல் புதிய கட்டுரை போலத் திரும்ப வெளியிடுவதைச் சுயத் திருட்டாகக் கருதிப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் அறிவிப்பு வெளியிட்டது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் இடத்தில் ஒன்றை இரண்டாகக் காட்டுவது கணக்கை ஏமாற்றுவது. அந்த அறிவிப்பு சரியானது. ‘பேரைச் சொல்லாமல்’ என்பதில்தான் அந்தக் குற்றம் முழுவதும் இருக்கிறது. சொல்லிவிட்டுச் செய்தால் அதே வேலை மறுபதிப்பு ஆகிவிடுகிறது.

சொல்லாமல் விட்டதால் வரும் இழப்பு எவ்வளவு பெரியது என்று பதிப்பாசிரியர்களைக் கேளுங்கள். பாரதியின் எழுத்துகளைக் கால வரிசையில் அடுக்கச் சீனி.விசுவநாதன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பை ஆ.இரா.வேங்கடாசலபதி 2000-ல் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எப்போது, எந்தப் புனைபெயரில் வந்தது, பிறகு என்ன மாறியது என்று பழைய இதழ்களைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதழ் கிடைத்தால்தான் விடை. இதழ்கள் தாளில் இருந்ததால் எங்கோ ஒரு நூலகத்தில், எங்கோ ஒரு வாசகர் வீட்டுப் பரணில் ஒரு பிரதியாவது மிஞ்சியது. இணையத்தில் தளம் மூடினால் பரண் கிடையாது. இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளருக்கு ஆய்வாளர் செய்த வேலையை இருபத்தோராம் நூற்றாண்டு எழுத்தாளர் தானே செய்துவிட வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. எழுத்துக்குச் சொந்த வீடு ஒன்று வேண்டும்: தன் பெயரில் ஒரு தளம், அல்லது குறைந்தது ஒரு வலைப்பூ, கூடவே கணினியில் ஒரு கோப்புறை. எல்லாக் கட்டுரையும் கடைசியில் அங்கே வந்து சேர வேண்டும், ஃபுட்டின் கற்கள் பட்டியலுக்குள் வந்து சேர்ந்ததுபோல. அங்கிருந்து எத்தனை ஊருக்கு அனுப்பினாலும் தவறில்லை. அனுப்பும்போது அந்த ஊர் வாசகருக்காகத் தலைப்பையும் முதல் பத்தியையும் திரும்ப எழுதுவது மரியாதை. அப்படியே ஒட்டுவது குற்றமில்லை என்றாலும் சோம்பல்தான். நானும் அந்தச் சோம்பலில் இருந்தவன்தான். இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டால், அவர்கள் கேட்கும் இடைவெளி முடியும்வரை வேறிடத்தில் போடாமல் காத்திருக்க வேண்டும்.

எந்தப் பிரதியானாலும் அடியில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: முதலில் வெளிவந்த இடம், தேதி, பிறகு திருத்தியது என்ன. என் கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திறந்து இப்போது இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கைவிட்டுப்போன அந்த மூன்றாவது பிரதியைத் திருத்த முடியாததால், என் பக்கத்தில் அதன் முகவரியைக் கொடுத்து, அங்கே இருக்கும் ஆண்டு தவறு என்று எழுதி வைத்திருக்கிறேன். சுட்டிக்காட்டிய வாசகருக்கும் எழுதிவிட்டேன்.

நீங்களும் உங்கள் பழைய கட்டுரை ஒன்றை இன்று திறந்து பாருங்கள். அது முதலில் எங்கே, எந்த நாளில் வந்தது என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். நினைவிருக்கும்போதே அதன் அடியில் எழுதிவிடுங்கள்.